ஆமா போடுகிறவர்

குற்றாலத்தில் குளிக்கத் தடை என்றால் எங்கள் கலை மன்றத்துக்குக் கொண்டாட்டம். அருவியில் வெள்ளம், போலீஸ் யாரையும் உள்ளே விடவில்லை என்று செய்தி வந்த சாயங்காலமெல்லாம் தென்காசி ரோட்டில் இருக்கும் எங்கள் தகரக் கொட்டகை நிறைந்துவிடும். எண்ணெய் தேய்த்துவிட்டுக் குளிக்க வழியில்லாமல் நின்றவர்கள், நெற்றியில் எண்ணெய் வழிய அப்படியே வந்து உட்காருவார்கள். பிளாஸ்டிக் நாற்காலியெல்லாம் பிசுபிசுக்கும். தடை நீங்கியதோ, போச்சு. மேடையில் இருப்பவர்களைவிடக் கீழே இருப்பவர்கள் குறைவு. சீசன் முழுக்கச் சனி, ஞாயிறு நிகழ்ச்சி என்பதால் வெள்ளிக்கிழமையே நான் மலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். மேகம் கறுத்திருக்கிறதா, இல்லையா? அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது.

நான் வில்லுப்பாட்டுக்காரி. வில்லின் முன்னால் உட்கார்ந்து, கோலால் நாணை அடித்துக் கதை சொல்வது நான். பக்கத்தில் ஜால்ராவோடு உட்கார்ந்து நான் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் 'ஆமா' போடுவது என் வீட்டுக்காரர். இதில் ஒரு முறை உண்டு. பாடுகிறவர் எந்த வரியையும் ஆமாவுக்குத் தோதாகத்தான் முடிக்க வேண்டும். இல்லை என்று பதில் வருகிற கேள்வியைக் கேட்கவே கூடாது. ஆமா போடுகிறவருக்கு யோசிக்க நேரம் கிடையாது. தாளம் வந்து நின்றதும் வாய் தானாகச் சொல்லிவிடும்.

மேடையில் ஆமா போடும் மனிதர் வீட்டில் எதற்கும் ஆமா சொல்ல மாட்டார். இல்லை என்றும் சொல்ல மாட்டார். "பாப்போம்" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

இந்த வருஷம் எரிச்சல் கூடுதல். சீசன் தொடங்கின வாரமே மதினி, அதாவது அவருடைய அக்கா, வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டாள்.

"மவளுக்கு மாப்பிள பாக்குத நேரம்லே. ஆத்தாக்காரி மேடையில ஏறி வில்லடிச்சிக்கிட்டுக் கெடந்தா எவன் பொண்ணு கேட்டு வருவான்? இந்த சீசனோட போதும்னு சொல்லிரு."

"பாப்போம்க்கா" என்றார் இவர்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளுக்கு நான் பாடுவதில் ஒரு வருத்தமும் கிடையாது. வருத்தமெல்லாம் மதினிக்குத்தான். ஆனால் அக்கா பேச்சை இவர் தட்டி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வாரமும் நிகழ்ச்சி முடிந்து பைக்கில் வரும்போது கேட்பேன். "அடுத்த வருசம் நான் பாடணுமா, வேண்டாமா? ஒரு வார்த்த சொல்லுங்க." முதுகுதான் தெரியும். "பாப்போம்ட்டி, ரோடு வழுக்குது." கோபத்தில் இறங்கி நடந்துவிடலாமா என்று இருக்கும். தூக்கம் கெட்டது, சாப்பாடு இறங்கவில்லை. துவைத்த துணியையே மறுபடி எடுத்துத் துவைத்தேன்.

கடைசி ஞாயிறு. அருவியில் நல்ல வெள்ளம், கொட்டகையில் இடமில்லை. முன்வரிசையில் மதினி, மடியில் கைப்பையோடு. நானே கட்டிய கதையைத்தான் அன்றைக்குப் பாடினேன். மழையில் குளம் உடையப் போகிறது; மடையைத் திறக்க ஒருத்தி கிளம்புகிறாள்; வீட்டில் எல்லோரும் மறிக்கிறார்கள். அந்த இடத்துக்கு வந்தபோது மதினி முகம் கண்ணில் பட்டது. எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. கட்டி வைத்திருந்த வரி ஒன்று, வாயில் வந்தது வேறொன்று.

"பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல, வீட்டோட கெடக்கட்டும்னு சொல்லுதாங்களே, அவ வீட்டோட கெடக்கணுமா?"

கோலை ஓங்கி அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் உறைத்தது. ஆமாவுக்கு இடம் விட்டு நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

ஆமா வரவில்லை.

உடுக்கைக்காரர் ஒரு சுற்று கூடுதலாக அடித்துச் சமாளித்தார். குடம் அடிக்கிறவரும் கூடவே ஒரு சுற்று தட்டினார். பின்னாலிருந்து யாரோ, "அண்ணாச்சி, தூங்கிட்டேளா?" என்றார்கள். கூட்டம் சிரித்தது. இவர் ஜால்ராவை மடியில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை; நேரே அக்காவைப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "எதுக்குக் கெடக்கணும்? அவ பாடட்டும்."

கதையில் வருகிறவள் மடை திறக்கப் போகிறவள். அவளுக்கும் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கூட்டத்தில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எண்ணெய்த் தலையோடு கை தட்டினார்கள். மதினி மட்டும் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான் அடுத்த வரியை எடுக்கப் பார்த்தேன். வாயில் வந்தது 'ஆமா'தான்.