வேடிக்கை பார்க்க ஒரு நாற்காலி

சான் ஹோசேயில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. அங்கே ஒரு பெஞ்சு. இந்த ஊரில் சும்மா உட்கார எனக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான். ஆனால் நான் உட்கார்ந்தால் பஸ் நின்றுவிடும், கதவு திறந்துவிடும். வரவில்லை என்று கையாட்டி அனுப்புவேன். ஒருநாள் டிரைவர் அம்மாள் இறங்கியே வந்து, உடம்புக்கு முடியவில்லையா, வழி தெரியவில்லையா என்று விசாரித்தாள். மனிதர்களைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். யாரைப் பார்க்க வேண்டும், போன் பண்ணி வரச்சொல்லட்டுமா என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வேடிக்கை பார்ப்பது என்று ஒன்று இருப்பதே இந்த நாட்டுக்குத் தெரியாது.

ஊரிலிருந்து படிக்கிறவர்களே, அமெரிக்கா அமெரிக்கா என்று வாயைப் பிளக்காதீர்கள். இங்கே ஜனங்கள் கிடையாது, கார்கள்தான் உண்டு. காலையில் கராஜ் கதவு ஒரு காரைத் துப்பும், சாயங்காலம் அதையே விழுங்கும். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று நாலு வருஷமாக எனக்குத் தெரியாது. வேலை பார்க்க எனக்கு விசா இல்லை, கார் ஓட்டவும் வராது. சனிக்கிழமை லிவர்மோர் கோயிலுக்குப் போனால் நம்மவர்கள் இருப்பார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது நம் காரை. அடுத்து, கிரீன் கார்டு எந்த ஸ்டேஜில் இருக்கிறது என்ற கேள்வி வரும். பதில் சொல்வதற்குள் கண் வேறு பக்கம் போய்விடும். கல்யாணத்துக்கு முன் சேலத்தில் பேங்க் கவுண்டரில் நாளெல்லாம் முகங்களாகப் பார்த்துவிட்டு, சை, என்ன கூட்டம் என்று சலித்துக்கொண்டவள் நான். கொழுப்பு, வேறென்ன.

போன கோடையில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஐரோப்பா கிளம்பினோம். கிளம்பும் முன்பே என் கணவர் சுந்தரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தேன்: ஏதாவது ஓர் ஊரில், தெருவைப் பார்த்த நாற்காலியில், எனக்கு ஒரு மத்தியானம். சரி என்று தலையாட்டினார். அப்புறம் அவருடைய நண்பர் மூர்த்தி கம்ப்யூட்டரில் ஒரு ஷெட்யூல் அடித்துக்கொண்டு வந்தார். பத்து நாள், ஆறு தேசம். பாரிசில் காபிக் கடைகளின் நாற்காலி எல்லாம் தெருவைப் பார்த்துத்தான் போட்டிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாங்களோ ஹோட்டல் ரூமில் ரைஸ் குக்கர் வைத்து, தயிர் சாதத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு அடுத்த கோபுரத்துக்கு ஓடினோம். ரோமில் ஒரு படிக்கட்டில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தேன். இப்படி உட்கார்ந்தால் எப்படி கவர் பண்ணுவது என்று மூர்த்தி கடிகாரத்தைக் காட்டினார். என்னவோ அந்த ஊர் ஓடிப்போய்விடும் என்கிற மாதிரி.

கடைசி ஊர் வியன்னா. அரண்மனைக்கு எல்லாரும் கிளம்பியபோது நான் சதுக்கத்து ஓரக் காபிக் கடையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க போயிட்டு வாங்க, நான் வரல," என்றேன்.

"இவ்ளோ தூரம் வந்துட்டு பேலஸ் பாக்கலேன்னா என்ன அர்த்தம்?" என்றார் சுந்தர்.

"நீங்க கட்டடத்தப் பாருங்க. நான் மனுஷங்களப் பாத்துக்கறேன்."

கோபித்துக்கொண்டு போனார். காபி குடித்து முடித்ததும், அமெரிக்கப் பழக்கத்தில் அவசரமாக பில் கேட்டேன். பரிமாறிய பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. காபி நன்றாக இல்லையா என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். அப்புறம் ஏன் எழுந்திருக்கிறாய் என்று என் முகத்தையே பார்த்தார். பிறகு தண்ணீர் டம்ளரை நிரப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். நாலு வருஷத்தில் ஒரு வேற்று மனிதர் என் முகத்தை நின்று பார்த்தது அன்றுதான். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவள், நாயோடு சண்டை போட்டவர், எனக்குக் கையாட்டிய குழந்தை என்று ஒருவர் விடாமல் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தேன்.

சான் ஹோசே திரும்பியதும் எங்கள் ஹாலில் வீடியோ காட்சி. பக்கத்து ஊர் மில்பிடாஸிலிருந்து ஓர் ஆன்ட்டியும் வந்திருந்தார். நான் போண்டாத் தட்டோடு நின்றேன். வியன்னா வந்தது. திரும்பும் வழியில் சுந்தர் சர்ச் கோபுரத்தை எடுத்துவிட்டு கேமராவைச் சதுக்கம் முழுக்கச் சுழற்றியிருக்கிறார். மூலையில், சின்னதாக, ஒரு பெண் நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது யாருப்பா, நம்ம ஊர் பொண்ணு மாதிரி இருக்கே?" என்றார் ஆன்ட்டி.

"யாரோ டூரிஸ்ட் ஆன்ட்டி," என்றார் சுந்தர், டிவியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அதற்குள் படம் ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டது.

"கொஞ்சம் ரிவைண்ட் பண்ணுங்க," என்றேன். "அந்தப் பொண்ண நான் இன்னொரு தடவ பாக்கணும்."

அவர் ரிவைண்ட் செய்தார். அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். நான் இங்கே, தட்டோடு, நின்றுகொண்டிருந்தேன்.