லோவ்ரேயின் கடைசிப் பெனால்டி

என் தம்பி லோவ்ரேயைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். எல்லாருடைய கதையிலும் அவன் ஊரைக் காப்பாற்றிய வீரன். எனக்கு மட்டும் அதைக் கேட்டால் தலை கிறுகிறுக்கும். காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்பேன், ஒன்றும் பேச மாட்டேன். நெவெங்கா பேசாமல் இருக்கிறாள் என்றால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் இந்த ஊர் நினைக்கும். என் வாய் அப்படிப்பட்ட வாய்.

மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைதான் எங்கள் கடலோர ஊருக்குச் சோறு போட்டது. கால்பந்துக் கிளப்பைத் தொடங்கியதும் அந்த ஆலைதான். எதிரணிக்காரர்கள் எங்களை 'மத்திகள்' என்று கேலி செய்தார்கள், நாங்கள் வெட்கமில்லாமல் அதையே பெயராக வைத்துக்கொண்டோம். எங்கள் அப்பா பார்த்தோல் ஆலையில் இயந்திரம் பழுது பார்த்தவர். மகன் கோல் அடிக்கிற ஆட்டக்காரனாக வேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். தம்பியைக் கேட்டாரா? அவனை யார் கேட்டது! நடக்கத் தெரிவதற்கு முன்னாலேயே அவன் காலடியில் பந்தை வைத்துவிட்டார்.

பதினெட்டு வயதில் நகரத்துப் பெரிய கிளப் ஒன்று அவனைக் கூப்பிட்டது. அப்பா முழு ஆட்டைச் சுட்டு ஊருக்கே விருந்து வைத்தார். பையன் அங்கே போய் இரண்டு பருவம் பெஞ்சைத் தேய்த்தான். பிறகு ஸ்லோவேனியா, பிறகு சைப்ரஸ், பிறகு ஹங்கேரி என்று கைமாறிக்கொண்டே இருந்தான். சைப்ரஸ் பயிற்சியாளர் அவனைத் தடுப்பு ஆட்டத்தில் நிறுத்தினார். ஹங்கேரியில் ஓரத்தில் ஓடவிட்டார்கள். கோல் அடிக்கிறவனைப் பிடித்துக் கோலைத் தடுக்கச் சொன்னால் எவனுக்குத்தான் புத்தி பேதலிக்காது?

ஒருநாள் போனில் கேட்டான். "அக்கா, நான் முன்னால ஆடறவனா, பின்னால ஆடறவனா? எனக்கே தெரியல."

"சம்பளம் வருதா?"

"பாதி வருது."

"அப்ப நீ பாதி ஆட்டக்காரன். பாதி நேரம் ஓடு, மீதி நேரம் உட்காரு" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அவனை மறுபடி மனுஷனாக்கியது கஜகஸ்தான். அங்கே அவனோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவன் க்ரூனோ. கிழக்கே சமவெளியைச் சேர்ந்த நம் நாட்டுக்காரன், கோல்கீப்பர், கதவு மாதிரி அகலமான ஆள். லோவ்ரேக்கு முழங்கால் தசைநார் கிழிந்தபோது கிளப் கண்டுகொள்ளவில்லை. க்ரூனோதான் லிஃப்ட் வேலை செய்யாத அந்தக் கட்டடத்தில் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். மிளகாய்த்தூள் கொட்டி இறைச்சிக் குழம்பு வைத்து அவன் ஊட்டியதாகத் தம்பி சொல்வான். கால் தேறியதும் வெறும் மைதானத்தில் இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பெனால்டி பழகினார்கள். லோவ்ரே எப்போதும் கோல்கீப்பரின் இடது கைப்பக்கம், தாழ்வாக, மூலைக்குத்தான் அடிப்பான். எங்கள் ஊர்க் காற்றில் மேலே அடித்தால் பந்து கடலுக்குப் போய்விடும், அதனால் சின்ன வயதிலிருந்தே கால் அப்படிப் பழகிவிட்டது.

"உன் கால் வேற பக்கம் திரும்பவே திரும்பாதாடா?" என்று க்ரூனோ கத்துவானாம். தெரிந்தும் பாதிப் பந்தைத்தான் அவனால் பிடிக்க முடியும். அவ்வளவு வேகம்.

முப்பத்து நாலு வயதில் லோவ்ரே ஊருக்குத் திரும்பினான், கடைசியாக ஒரு பருவம் மத்திகளுக்காக ஆட. க்ரூனோவும் நாடு திரும்பித் தன் ஊர் கிளப்பின் கோல் கம்பத்தில் நின்றான். இரண்டு கிளப்பும் ஒரே இரண்டாம் பிரிவில். போதாத காலம், இரண்டுமே பட்டியலின் அடியில் கிடந்தன. கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், எங்களுக்கும் அவர்களுக்கும். நாங்கள் ஜெயித்தால் நாங்கள் பிழைப்போம், அவர்கள் கீழ்ப் பிரிவுக்குப் போவார்கள். சமநிலை என்றால் அவர்கள் பிழைப்பார்கள், நாங்கள் கீழே. ஆலை மூடிய பிறகு எங்கள் ஊரில் மிச்சமிருந்தது அந்தக் கிளப் ஒன்றுதான். கீழே போனால் அதையும் பூட்ட வேண்டியதுதான். அவர்கள் நிலைமையும் அதேதான்.

அந்த வாரம் புதன்கிழமை காலை, மைதான வாசலில் இருக்கும் என் காப்பிக் கடைக்கு க்ரூனோ வந்து நின்றான். கையில் பெரிய குலேன், அவர்கள் ஊர்க் காரமான பன்றித் தொத்திறைச்சி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நாட்டின் அந்தக் கோடியிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு அப்போதே பகீரென்றது. குலேனும் வெள்ளைச் சட்டையுமாக ஒருத்தன் வந்தால் அது எதற்கென்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த லோவ்ரே எழுந்து நின்றான். க்ரூனோவும் உட்காரவில்லை.

"எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா. நீ எனக்கு கும்மா இருக்கணும்டா" என்றான் க்ரூனோ.

கும் என்றால் குழந்தைக்கு ஞானத்தகப்பன், பெற்றவனுக்கு உடன்பிறப்பைவிட மேல். மேலே கடவுள், கீழே கும் என்பார்கள். கேட்டால் மறுக்கக் கூடாது, மறுத்தவனை நாங்கள் மனுஷனாகவே மதிப்பதில்லை. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துக்கொண்டார்கள், முடிந்தது. என் கையிலிருந்த தட்டை மேசைமேல் போட்ட சத்தத்தில் நாய் எழுந்து ஓடியது.

"ஏன்டாப்பா க்ரூனோ, ஞாயித்துக்கிழமை கழியட்டும்னு இருக்க மாட்டியா? வானமா இடிஞ்சு விழும்?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "அக்கா, எம் பொண்டாட்டிதான் சொன்னா. ஆட்டத்துக்கு அப்புறம் கேட்டா ஜெயிச்சவன்கிட்ட கேட்டான், தோத்தவன்கிட்ட கேட்டான்னு ஆயிடுமாம். முன்னாடியே கேட்டுட்டா சுத்தம்னா. நீங்களே சொல்லுங்க, தப்பா?"

தப்பா, தப்பில்லையா? நினைத்துப் பார்த்தால் அவன் பொண்டாட்டி சொன்னது நியாயம். இன்னொரு தடவை நினைத்தால் வயிற்றெரிச்சல். ஊருக்கும் அதே கதிதான். பாதிப் பேர், "பொறி வெச்சுட்டாண்டா சமவெளிக்காரன்" என்றார்கள். பாதிப் பேர், "மானஸ்தன், நேருக்கு நேர் வந்து கேட்டான்" என்றார்கள். மாலையில் அதே ஆட்கள் கட்சி மாறி உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா மட்டும் தீர்மானமாகச் சொன்னார். "கும்மை எதிர்த்துக் கையை ஓங்கக் கூடாது."

"கையைத்தானே ஓங்கக் கூடாது? காலை ஓங்கலாமில்ல, பார்த்தோல் அண்ணே!" என்று ரொட்டிக் கடைக்காரன் கேட்டான். கடையே சிரித்தது. லோவ்ரே மட்டும் காப்பியில் போடாத சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"என்னடா செய்யப் போற?" என்று கேட்டேன்.

"தெரியல அக்கா."

"கிளப் மூடினா அப்பா தாங்க மாட்டாரு."

"தெரியும். அவன் கிளப் மூடினா அவன் கைக்குழந்தையோட எங்க போவான்?"

"பயிற்சியாளர்கிட்ட சொல்லி உட்கார்ந்துடேன்."

"உட்கார்ந்தா ஊருக்குத் துரோகம். ஆடினா கும்முக்குத் துரோகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுது."

ஞாயிற்றுக்கிழமை ஜூகோ வீசியது, தெற்கிலிருந்து வரும் அந்த ஈரக் காற்று. ஜூகோ வீசும் நாளில் எங்கள் ஆட்கள் நிலம் வாங்க மாட்டார்கள், பெண் பேச மாட்டார்கள், புருஷன் பொண்டாட்டி சண்டையைக்கூட நாளைக்கென்று தள்ளிவைப்பார்கள். மண்டைக்குள் ஈரத்துணியைத் திணித்தது போலிருக்கும். அப்படிப்பட்ட நாளில்தானா ஆட்டம் வர வேண்டும்! மத்திகள் என்ன ஆடினார்கள், அவர்கள் என்ன ஆடினார்கள், எனக்கு ஒன்றும் மனசில் ஏறவில்லை. ஆட்டம் முடியப் போகிறது, இன்னும் பூஜ்யம் பூஜ்யம். அப்போது எங்கள் பையன் ஒருவனை அவர்கள் கம்பத்துக்கு முன்னால் இழுத்துத் தள்ளினார்கள். நடுவர் விசிலை ஊதிப் புள்ளியைக் காட்டினார். பெனால்டி.

மைதானம் முழுக்க "லோவ்ரே! லோவ்ரே!" என்று அலறியது. நான் மட்டும், "அவன் வேண்டாம், வேற யாரையாவது அடிக்கச் சொல்லுங்கடா" என்று கத்தினேன். யார் காதில் விழும்! அவன் பந்தை எடுத்து வைத்தான். க்ரூனோ கோட்டின் மேல் நின்றான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

லோவ்ரே ஓடி வந்தான். க்ரூனோ இடது பக்கம் முழு உடம்போடு பாய்ந்தான். பந்து நடுவில் போனது. வேகமே இல்லை, சாவதானமாக உருண்டு, அவன் நின்றிருந்த இடத்தைத் தாண்டி, வலையில் போய்ப் படுத்தது.

ஊர் வெடித்தது. அப்பா முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரனைக் கட்டிக்கொண்டு அழுதார். தம்பி மேல் பதினைந்து பேர் விழுந்தார்கள். அவன் கையைத் தொங்கப்போட்டு நின்றான். "பாருங்கடா, கும்முக்கு மரியாதை குடுத்துக் கொண்டாடாம நிக்கிறான், தங்கமான புள்ள" என்று எனக்குப் பக்கத்தில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

கடையில் கூட்டம் பாடிக் குடித்துக்கொண்டிருந்தபோது அவன் பின்பக்கச் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். நான் கட்டிக்கொள்ளப் போனேன். அவன் பின்வாங்கினான்.

"அக்கா, நான் அவன் கைக்குத்தான் அடிச்சேன்."

"என்னது?"

"நேரா, நடுவுல, மெதுவா. அவன் நின்ன இடத்துலயே நின்னிருந்தா வயித்துல வந்து விழுந்திருக்கும். நான் மெதுவா ஓடி வர்றதைப் பாத்தே புரிஞ்சுக்கிட்டு நிப்பான், புடிக்கட்டும்னுதான் அடிச்சேன்."

கையிலிருந்த ஈரத்துணியை அவன் முகத்தில் வீசினேன். "பாவி! அப்பா அங்க அழுதுகிட்டிருக்காருடா! ஊரையே வித்துட்டியே!"

"விக்கலையே, ஜெயிச்சிட்டோமே" என்றான். துணியை எடுக்கக்கூட இல்லை, தோளில் ஈரம் சொட்டியது. "அவன் ஏன் பாய்ஞ்சான் அக்கா? ஒருவேளை அவனும் எனக்காக விட்டுக்குடுத்தானா?"

வெளியே அவன் பெயரைப் பாடிக்கொண்டிருந்தார்கள். விட்டுக்கொடுக்கப் போனவன் ஜெயித்திருக்கிறான், அது எந்தக் கணக்கில் சேர்த்தி? க்ரூனோவிடம் கேட்கலாமா? "நீ வேணும்னே விட்டியா" என்று ஒரு கோல்கீப்பரிடம், அதுவும் கும்மிடம், எந்த வாயால் கேட்பது?

ஜூன் மாதம் ஞானஸ்நானத்துக்குக் கிழக்கே போனோம். அவன் கிளப்பை மூடிவிட்டார்கள். க்ரூனோ மாமனாரின் பன்றிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். முகம் வாடியிருக்கும், பேச மாட்டான் என்று நினைத்தேன். கோயில் வாசலில் உறவுக் கூட்டம் முழுக்க நிற்க, என் தம்பியின் தோளில் கைபோட்டுச் சத்தமாகப் பேசினான்.

"என் ஊர்க்காரங்க என்னைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. ஏண்டா பாய்ஞ்ச, நின்னிருந்தா போதுமேன்னாங்க. நான் சொன்னேன், இவன் காலு எனக்குத் தெரியும், வருஷக்கணக்கா அந்த மூலைக்குத்தான் அடிப்பான். அன்னிக்கும் அங்க அடிச்சிருந்தான்னா சத்தியமா புடிச்சிருப்பேன், விரல் நுனி வரைக்கும் நீட்டியிருந்தேன். ஆனா இவன் என்ன செஞ்சான்? ஊருக்காக என்னையே ஏமாத்திட்டான், கள்ளப் பய!" தோளைக் குலுக்கினான். "எனக்காக இரக்கப்பட்டு விட்டுக்குடுத்திருந்தான்னா இவனை இந்தப் படி ஏற விட்டிருக்க மாட்டேன். என் பொண்ணைத் தூக்க இப்படி ஒரு நேர்மையான ஆள்தான் வேணும்."

எல்லாரும் கைதட்டினார்கள். தம்பி என்னைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

உள்ளே குழந்தையை அவன் கையில் கொடுத்தார்கள். சாமியார் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சாத்தானை விட்டுவிடுகிறாயா? "விட்டுவிடுகிறேன்." அவன் செயல்களையெல்லாம்? "விட்டுவிடுகிறேன்." அவன் ஏமாற்று வித்தைகளையெல்லாம் விட்டுவிடுகிறாயா?

லோவ்ரே வாயைத் திறக்கவில்லை. சாமியார் காது கேட்கவில்லையோ என்று இன்னும் உரக்கக் கேட்டார். குழந்தை சிணுங்கியது. உண்மையைச் சொன்னால் க்ரூனோவின் மானம் போகும், அப்பாவின் சந்தோஷம் போகும். சொல்லாவிட்டால் பீடத்துக்கு முன்னால் பொய். என் வாய் துறுதுறுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். க்ரூனோ முழங்கையால் மெதுவாக இடித்து, "கும்மே, சொல்லுடா" என்றான்.

"விட்டுவிடுகிறேன்" என்றான் என் தம்பி. க்ரூனோவின் பொண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மனசு நெகிழ்ந்து குரல் அடைக்கிறது என்று நினைத்துவிட்டாள் பாவம்.

அதற்குப் பிறகு அவன் ஆடவில்லை. அந்தக் கோலின் படத்தைக் கிளப் வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். அன்றைக்குக் கோயிலிலிருந்து விருந்துக்கு நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டான்.

"அக்கா, நான் நேர்மையா அடிச்சிருந்தா அவன் புடிச்சிருப்பான். நம்ம கிளப் செத்திருக்கும். அப்ப நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும், யாருகிட்ட கேக்கணும்?"