விறகு குறையாத வீடு

அர்மாஸுக்கு எழுபத்தோரு வயது. எங்கள் ஏரிக்கு அந்தக் கரையில் அவர் வீடு, இந்தக் கரையில் என் வீடு. மனுஷனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு உயிர் போய்விடும். அவர் மனைவி ஹில்க்கா நேர்மாறு, வாயைத் திறந்தால் மூட மாட்டாள். அந்த ஹில்க்காவை நவம்பரில் நுரையீரல் கோளாறு என்று முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அர்மாஸுக்கு இடுப்பெலும்பு தேய்ந்திருந்தது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது.

போகும்போதே ஹில்க்கா சொல்லிவிட்டாள். "தெனம் ஒரு படம் எடுத்து அனுப்புய்யா. நம்ம வீட்ல, நம்ம ஏரில இருக்கறது எதுவானாலும் சரி. போன்லயும் நீ பேசப் போறதில்ல. அதையாவது பாத்துட்டுக் கெடக்கேன்."

அவரும் தொடங்கினார். கதவு ஆணியின் தலையில் பூத்த உறைபனி. கொடியில் பலகையாய் விறைத்துப்போன சட்டை. சாம்பல் வாளி. ரொட்டித் துண்டைக் கொத்தும் குருவி. நர்ஸ் படத்தைக் காட்டுவாள், ஹில்க்கா எனக்குப் போன் போட்டுச் சிரிப்பாள். "சாம்பல் வாளியப் போய் எடுத்திருக்கான் பாருடி, என்னமோ கல்யாணப் பொண்ணு மாதிரி!"

வடகோடி ஊர் எங்களுடையது; டிசம்பரில் சூரியன் உதிப்பதே நின்றுவிட்டது. நண்பகலில் இரண்டு மணி நேரம் நீலமாக ஒரு வெளிச்சம், அதோடு சரி. மைனஸ் முப்பது டிகிரிக்கும் கீழே குளிர். கைக்கு எட்டியதையெல்லாம் அவர் எடுத்து முடித்துவிட்டார். அப்படியொரு நாள் வெளியிலிருந்து கேமராவோடு நேரே சூடான அடுப்படிக்குள் வந்துவிட்டார். கேமராவின் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைக்காமல் மறுபடி வெளியே ஓட, அது அப்படியே உறைந்துவிட்டது. அன்று படம் போகவில்லை. அன்றிரவே ஹில்க்காவுக்கு மூச்சு முட்டி, ஆக்ஸிஜன் வைத்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அதை அவருக்கு யார் சொல்வது? படம் நின்றால் அவள் மூச்சு நின்றுவிடும் என்று முடிவே கட்டிவிட்டார்.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமைக் குளியலுக்கு மூட்டும் அவர் சவுனா நீராவி அறையில் புகை வரவில்லை என்பதைக்கூடக் கவனிக்காத பக்கத்து வீட்டுக்காரி நான்.

ஜனவரி முதல் வாரம், காலை பதினொரு மணிக்கு ஹில்க்கா போன் செய்தாள். குரல் பாதி, இரைப்பு பாதி.

"ரிட்வா, உடனே அங்க போடி. இன்னிக்கு விறகு அடுக்கு படம் அனுப்பியிருக்கான். டிசம்பர்லயும் அதையே அனுப்பினான். குறையவே இல்ல."

"பழைய படமா இருக்கும்டி."

"இல்ல. மேல பனி ஏறியிருக்கு. பழைய விறகு தீந்ததும் டிசம்பர்ல பிரிக்கன்னு கோடைல நான் அடுக்கினது, மேல் வரிசைல ஒரு கோணக் கட்டை வச்சேன், அது அங்கயே இருக்கு. ஜனவரில அடுக்கு பாதிக்கு வந்திருக்கணும். அவன் வீட்டச் சூடாக்க அடுப்பே மூட்டல!"

பனிச்சறுக்கு வண்டியில் உறைந்த ஏரியைக் கடந்தேன். கதவு பூட்டவில்லை. உள்ளே என் மூச்சு புகையாக நின்றது. அர்மாஸ் கோட்டு, தொப்பியோடு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் கேமரா. விரல் நுனிகள் மெழுகாய் வெளுத்திருந்தன. தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமல் இருக்கக் குளியலறையில் மட்டும் ஒரு சின்ன ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"யோவ், என்னய்யா இது?"

"வீடு சூடானா கேமரா மங்கிடும். ஜன்னல்ல ஏதாவது வந்தா உடனே எடுக்கணும்ல."

"கேமராவ வெளிரூம்ல வச்சுட்டு நீ உள்ள இருந்தா ஆகாதா?"

"எடுக்கப் போறதுக்குள்ள பறவை போயிடுச்சுன்னா? நாளைக்கு எடுக்க எதுவுமே இல்ல ரிட்வா. எல்லாத்தையும் எடுத்துட்டேன். வீடே தீந்துபோச்சு."

சொல்லிவிட்டு அழுதார். நான் திட்டினேன். எனக்கும் அழுகை வந்ததால் இன்னும் சத்தமாகத் திட்டினேன். கோணக் கட்டையைத்தான் முதலில் அடுப்பில் போட்டேன். உருளைக்கிழங்கு சூப்பை வைத்துவிட்டு, அடுப்பருகே அவரை உட்காரவைத்து, என் போனிலேயே ஒரு படம் எடுத்து ஹில்க்காவுக்கு அனுப்பினேன். இத்தனை நாளில் தன் முகத்தை அவர் ஒருமுறைகூட அனுப்பியதில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அடுப்பு பக்கத்துல யாருடி அந்தக் கிழவன்?"

அர்மாஸ் ஒட்டிப்போன கன்னத்தைத் தடவிக்கொண்டார். அது தன் புருஷன்தான் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

"அர்மாஸ்," என்றாள் இரைப்புக்கு நடுவே. "இனிமே பறவையும் வேணாம், பனியும் வேணாம். சாப்பிட்டு முடிச்ச தட்ட எடுத்து அனுப்பு. தெனமும். மிச்சம் வச்சா எனக்குத் தெரியும்."

அன்றே சூப்புத் தட்டு போனது. மறுநாள் மீன்முள் கிடந்த தட்டு. அப்புறம் ரொட்டித்தூள் தட்டு. ஹில்க்கா பத்தொன்பது தட்டுகள் பார்த்தாள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. சூரியன் திரும்பி வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

சொல்லப் போனபோது அவர் கதவருகே நின்றிருந்தார். அவருக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. நான் சொன்னதைக் கேட்டார். உள்ளே போனார். இருந்த கஞ்சியை உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டார். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தார்.

"ரிட்வா," என்றார், "இத எங்க அனுப்புறது?"

எனக்கு அனுப்புங்கள் என்றேன். இந்தக் குளிர்காலத்திலும் தினம் ஒரு தட்டு வந்துகொண்டிருக்கிறது.