சாமிக்குப் போன கரண்ட்

சனிக்கிழமை காலையில் யோகேஸ்வரி அன்ரியின் அழைப்பு வந்தால் சாந்தகுமாருக்கு இப்போதெல்லாம் எரிச்சலும் வருவதில்லை, பயமும் வருவதில்லை. கொட்டாஞ்சேனை அறையில் படுத்தபடியே "ஓம் அன்ரி, வாறன்" என்பான். முகம் கழுவி, பஸ் ஏறி, வெள்ளவத்தையில் இறங்கி, ரயில் போகும்போதெல்லாம் யன்னல் அதிரும் அவரது கல்யாண சேவை நிலையத்துக்குள் நுழைவான்.

"தம்பி, பொம்பிளை இருக்கு, சாதகத்தைக் காணேல்ல."

மூன்று கிழமையாக இதே கதை. கணினியில் ஆட்களின் விபரம் ஓர் அட்டவணையில், சாதகம் இன்னொன்றில். ஓர் இலக்கம்தான் இரண்டையும் இணைத்து வைத்திருந்தது. வெள்ளி நல்ல நாளென்று அன்றுதான் பெற்றோர் வந்து குவிவார்கள். மறுநாள் திறந்தால் அன்று பதிந்ததில் பாதி சிதைந்து கிடக்கும். வியாழன் பிரதியை மீட்டு, மிச்சத்தைத் தாள்களைப் பார்த்து அவனே தட்டச்சிடுவான். டிஸ்கை மாற்றிப் பார்த்தான். மெமரியைச் சோதித்தான். வைரஸ் தேடினான். ஒன்றிலும் பிழையில்லை.

அந்தக் கணினி முறையை அன்ரிக்குச் செய்து கொடுத்தது அவன் வேலை செய்த மென்பொருள் கம்பனி; அதன் முதலாளி ஒஸ்வால்ட் கத்துகிற ஆள் அல்ல. "ஐசே, உம்மட ஆறு மாசத் தகுதிகாண் காலம் இந்த மாசத்தோட முடியுது. இன்னொருக்கா உடைஞ்சா நிரந்தரக் கடிதத்தில நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டுக் கதவில், அப்பா இராமர், மகனின் பெயரோடு பட்டத்தையும் பச்சைப் பெயின்ரால் எழுதி வைத்திருந்தார். முன்பெல்லாம் அதை நினைத்தால் நெஞ்சு நிமிரும். இப்போது வெறும் பச்சை நிறம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

நான்காம் வெள்ளி அவன் காலையிலேயே போய் மூலையில் உட்கார்ந்துகொண்டான்.

"என்ன தம்பி, பொம்பிளை பாக்க வந்தனீரோ? முதல்ல கடிதம் வரட்டும்," என்று சிரித்தார் அன்ரி. பிறகு திருநீறு பூசி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார். குனிந்தார். மேசைக்கடியில் இருந்த யூபிஎஸ் பெட்டியிலிருந்து விபரமெல்லாம் இருக்கும் சேர்வர் கணினியின் பிளக்கைப் பிடுங்கிச் சுவரில் குத்தினார். பெட்டியில் காலியான இடத்தில் சாமிப் படத்து வண்ண விளக்கு மாலையைக் குத்தினார்.

சாந்தகுமார் எழும்பவில்லை. "என்ன அன்ரி செய்யிறீங்க?"

"நீர்தானே சொன்னனீர், இந்தப் பெட்டியில குத்தினா கரண்ட் நிண்டாலும் நிக்காதெண்டு. வெள்ளிக்கிழமையில சாமி விளக்கு நூரக் கூடாதெல்லோ? பின்னேரம் மெயினை நிப்பாட்டினாலும் அது எரிஞ்சுகொண்டிருக்கும். கண்ணால கண்டிட்டுத்தான் வீட்ட போவன். விடிய வந்து பழையபடி மாத்திப்போடுவன்."

மற்ற நாட்களில் மெயின் நின்றதும் யூபிஎஸ் தாங்கிப் பிடிக்கும். சேர்வர் எல்லாவற்றையும் எழுதி முடித்து ஒழுங்காக அணையும். வெள்ளியன்று மட்டும், எழுதிக்கொண்டிருக்கும்போதே கழுத்து நெரிபட்டு அணைந்திருக்கிறது. நான்கு வருடப் படிப்புக்கு இது பிடிபடவில்லை. போன மாதம் அந்தப் பெட்டியைப் பொருத்தும்போது 'இலேசாக விளங்கட்டும்' என்று அவன் சொன்ன ஒரு வசனம், வரம் கொடுக்கிற வசனமாகப் போய்விட்டது.

வாசலுக்கு வந்து ஒஸ்வால்டை அழைத்தான்.

"காரணம் பிடிச்சிட்டன் சேர். பிளக் மாறியிருக்கு."

"பிளக்கோ? டிஸ்க் எண்டு சொன்னீர்! ஆர் மாத்தினது?"

உள்ளே அன்ரி படத்தில் செவ்வரத்தம்பூ வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெயரைச் சொன்னால் போதும், கடிதம் வந்துவிடும்.

"நான் சரியா விளங்கப்படுத்தேல்ல சேர்."

"அப்ப இன்னும் மூண்டு மாசம் பாப்பம்."

"ஓம் சேர்."

காலி வீதிக் கடையொன்றுக்குப் போய் பற்றரியில் எரியும் விளக்கு மாலை ஒன்று வாங்கிவந்து படத்தைச் சுற்றிக் கட்டினான். சேர்வரின் பிளக்கைத் திரும்பப் பெட்டியில் குத்தி, அதன்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றினான். "இது பழசைவிட வடிவாக் கிடக்குது," என்றார் அன்ரி.

மறுநாள் சனி. அன்ரி அழைக்கவில்லை. அறையிலிருந்தே இணையம் வழியாகச் சோதித்துப் பார்த்தான், பிழை ஒன்றுமில்லை. எந்தப் பெண்ணின் சாதகமும் காணாமல் போகவில்லை. ஏதாவது மனசில் எழும்புகிறதா என்று சற்று நேரம் காத்திருந்தான்.

போன் அடித்தது. அப்பா.

"லெட்டரு வந்துருச்சாய்யா?"

"இன்னும் மூனு மாசம் இருக்குப்பா."

"படிச்சவனுக்குமா?"

"ஆமாப்பா."

வைத்துவிட்டு, திரையில் மீண்டும் ஒருமுறை சோதனையை ஓடவிட்டான். பிழை: பூச்சியம்.