அட்டை உதறிய ராணி

செவ்வாய்க்கிழமை அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு இறங்கும்போது, தோட்டத்துக் கூலிக்காரர்களின் கீழ் லைன் வீடுகளில் இருக்கும் காளியம்மாள் வழியில் நின்றாள். "ஏனுங்க டீமேக்கர் ஊட்டம்மா, நம்ம மரகதம் போயிட்டாளுங்க. மூணு நாள் காய்ச்சல்தானுங்க" என்றாள். கையிலிருந்த குங்குமத்தை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

மரகதத்தோடு கொழுந்து பறித்த உங்களுக்கு அந்தத் திருவிழா நாடகம் நினைவிருக்கும். தேயிலை ஆலையில் பதம் பார்க்கும் டீமேக்கரின் மனைவி நான், பிறகு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

வருடாவருடம் ராணி வேடம் கட்டும் ஆறுமுகம் அன்று காலை குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டார். அரண்மனையில் அடைபட்ட ராணி ஆட்டத்திலே விடுதலை காணும் பாட்டுத்தான் நாடகத்துக்கே உயிர். "நான் ஆடறனுங்க" என்று மரகதம் முன்வந்தாள்.

தினமும் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் இறக்கும் மேஸ்திரி சீறினார். "பொம்பளை மேடை ஏறினா லைனுக்கே மானம் போயிரும். ஏறு பாக்கலாம், திங்கக்கிழமை உம் பேரை வெட்டிடறேன்."

"மழையில மலை ஏறறப்ப போகாத மானம், நாலடி மேடை ஏறினா போயிருமுங்களா?"

கேட்டுவிட்டாளே தவிர, மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். புருஷன் இல்லாதவள், நாலு வயது மகள். பேரை வெட்டினால் வேலையோடு லைன் வீடும் போய்விடும். "யோசிச்சுக்க மரகதம்" என்றேன். "யோசிச்சா கால் வராதுங்கக்கா" என்றாள்.

தேயிலைப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய மேடை. படுதாவுக்குப் பின்னால் நின்று, நாடக நோட்டைப் பார்த்து நான் பாட்டை எடுத்துக்கொடுத்தேன். சாமிப் பாட்டுப் புத்தகத்தை வைத்து நானாகப் படித்த எழுத்து அன்றைக்குத்தான் பிறருக்கு உதவியது.

பூட்டின சாவி உங்க கையிலே,
ஆட்டத்தின் சாவி எங் காலிலே!

இரண்டாம் சுற்றில் ஆட்டத்தின் அடி மறந்து நின்றுவிட்டாள். நான் அம்மனைக் கூப்பிட்டேன். சட்டென்று காலைத் தூக்கி உதறினாள். தோட்டத்தில் அட்டை ஏறினால் உதறுவீர்களே, அதே உதறல்! இடது, வலது, ஒரு சுழல். பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. "உதறுடீ மரகதம், உதறு!" என்று எழுந்து நீங்களும் உதறினீர்கள்.

திங்கட்கிழமை பேர் கூப்பிடுவதை என் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி அவள் பேரை விட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. அதற்கடுத்த பேருக்கும் இல்லை. அத்தனை பேரும் வாய் திறக்காமல் நின்றீர்கள். வளைவில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குதிரைச் சத்தம் கேட்டது; ஆள் இறங்காததை அவர் கண்டால் மேஸ்திரிக்கே வேலை போய்விடும். மேஸ்திரி தரையைப் பார்த்தபடி, "மரகதம்" என்றார்.

"இருக்கேனுங்க!"

மலை அதிரச் சொன்னாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் குரலைத்தான்.