அரிதாரம் கலைவதற்குள்

போன வாரம் என் மகள் பள்ளி மாறுவேடப் போட்டிக்கு வள்ளல் ராஜா வேஷம் கட்டினாள். அட்டைக் கிரீடம், ஜிகினாக் கவசம், மை மீசை. "யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லேன்!" என்று கண்ணாடி முன் நின்று முழங்கினாள். முகப்பூச்சைக் கலைக்கத் தேங்காய் எண்ணெயோடு வந்த நான், என்ன நினைத்தேனோ, கிரீடத்தைப் பிடுங்கிவிட்டேன். அட்டை கிழிந்தது. நாடு பிடிக்கிற ராஜாக்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெற்ற பெண்ணிடம் அட்டைக் கிரீடம் பறித்தவள் நான். அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேணும்னா நீயே வச்சுக்கோம்மா" என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

என் விரல்களில் எண்ணெயும் அரிதாரமும் கலந்த வாசனை. அது நைனாவின் வாசனை. அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். திருத்தணியில் பாதி வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே தட்டில் சாப்பிடும். நைனா பகலில் அரக்கோணத்தில் ரயில்வே ஃபிட்டர். சித்திரை பிறந்தால் அம்மன் கோயில் திடலில் நடக்கும் கூத்தில் வள்ளல் ராஜா. வீட்டில் காபிக்கு இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை கேட்டால் முறைப்பார். வேஷம் கட்டிவிட்டால் ஆளே வேறு.

காப்புக் கட்டி வள்ளல் வேஷம் போட்டவரிடம் யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். இளவட்டங்களுக்குக் கொண்டாட்டம். "ராஜா, ஒரு பீடி!" "ராஜா, சைக்கிள குடு!" எல்லாம் கொடுப்பார். விடிந்ததும் சைக்கிள் தானாக வாசலுக்கு வந்துவிடும். வேஷத்தில் கொடுத்ததைக் காலையில் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பதும் அதே வழக்கத்தின் மறுபாதி.

எங்கள் தெருக்கோடித் தெலுங்குக்காரர்களும் நாடகம் போடுவார்கள். அதே கதைதான், ஆனால் விசில் பறப்பது எதிரணி ராஜாவுக்கு. ஊசி முனை மண்ணும் தரமாட்டேன் என்று தொடையைத் தட்டுவானே, அவனுக்கு. அவர்களுக்கு ரோஷம் பெரிது, எங்களுக்குக் கொடை. என் அக்கா பத்மா அங்கே போய்த்தான் உட்காருவாள். "எவ்ளோ அழகா இல்லேன்றான் பாருடி!" என்பாள். அப்போது அவளுக்கு டீச்சர் ட்ரெயினிங்கில் இடம் கிடைத்திருந்தது.

அந்த வருஷம் கூத்தின் நடுவே பொதட்டூர்பேட்டை அத்தை, நைனாவின் அக்கா, எழுந்து மேடையருகே வந்து முந்தானையை ஏந்தினாள்.

"மவராசா! எம் புள்ளைக்கு உம் பொண்ணு வோணும். இல்லேன்னு சொல்லிடுவியா?"

கூட்டம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. அவள் மகனின் முதல் மனைவி கிணற்றில் கிடந்தது ஊருக்கே தெரியும். சிரிப்பு அடங்கியது. நைனா கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மேடையிலிருந்த கமண்டலத்தை எடுத்து, அந்த முந்தானையில் தாரை வார்த்தார். மத்தளம் அதிர்ந்தது. அப்படியொரு கைதட்டலை நான் கேட்டதில்லை.

காலையில் நைனா எண்ணெய் தேய்த்து முகம் கழுவினார். அக்கா துண்டோடு நின்றாள்.

"வேஷம் கலைஞ்சிடுச்சு இல்ல நைனா? இப்ப போயி இல்லேன்னு சொல்லிட்டு வா."

"ஊரே கைதட்டிச்சேம்மா. இன்னா மூஞ்சிய வச்சிகினு சொல்றது?"

"கழுவின மூஞ்சிதான். அதை வச்சிகினு சொல்லு."

அவர் துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டார். அத்தை மட்டும் வாங்கினதைத் திருப்பித் தரவில்லை.

அடுத்த சித்திரைக்கு முன்பே அக்காவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்றாள் அத்தை. நெசவு நடக்கும் அத்தை வீட்டில், தறிகளுக்கு நடுவே எந்த ஸ்டவ், யார் பற்றவைத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வளையல் மட்டும் உருகாமல் இருந்தது.

நைனா அந்தச் சித்திரையிலும் வேஷம் கட்டினார். அவர் மேடையேறியதும் எனக்குப் பின்னால் ஒருவர் தழுதழுத்தார்: "சொந்தப் பொண்ணையே குடுத்தான்யா. இவன்தான்யா நெஜ ராஜா!" முந்தைய வருஷத்தைவிடக் கைதட்டல் அதிகம். நைனா கும்பிட்டார். அவர் முகத்தில் பெருமை இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

கடைசி நாளில், தரமாட்டேன் என்ற ராஜாவை மண்ணால் பிரம்மாண்டமாகத் திடலில் படுக்கவைத்து, தொடையில் அடித்துச் சாகடிப்பார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்துவிட்டு, ஆளுக்கொரு பிடி மண்ணை அரிசிப் பானையில் போட எடுத்துப் போவார்கள். அன்று எல்லோரும் போன பிறகும் அம்மா எழவில்லை. அந்த மண்தலையை மடியோடு அணைத்துக்கொண்டு, "நீயாவது சொன்னியே, நீயாவது சொன்னியே" என்று அழுதுகொண்டிருந்தாள்.

நைனா போய்விட்டார். கூத்தும் நின்றுவிட்டது. திடலில் இப்போது கல்யாண மண்டபம். போன தையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்ராஜா படுத்திருந்த இடத்தில் கை கழுவுகிறார்கள். மேடை மட்டும் பழைய திசையிலேயே இருக்கிறது. அங்கே ஒரு தகப்பன் தாரை வார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.