ஆறு பேருக்கும் அம்மன் பெயர்

சிரித்துக்கொண்டே வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தி.நகர் துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுவது என் வேலை. எந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரியும். அதனால் கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருக்கும் எங்கள் தெருவுக்குள் ஒரு வெள்ளைக்கார அம்மாவும் கூட நாலைந்து பேரும் கைகூப்பிச் சிரித்தபடி நுழைந்தபோது நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

கூட வந்த நர்ஸ் விளக்கினார். கருப்பை வாய்ப் புற்றுநோயை வருமுன் தடுக்க எதை முதலில் ஆராய வேண்டும், எதற்கு முதலில் செலவழிக்க வேண்டும் என்று பல நாட்டுக்காரர்கள் அடையாறில் கூடிப் பேசுகிறார்களாம். அதையொட்டி எங்கள் சமுதாயக் கூடத்தில் இலவசப் பரிசோதனை. முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் எல்லோரும் வரலாம்.

இலவசம் என்றதும் என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, என் காதைக் கடித்தார்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். நம்ம வயித்து மேல இவங்களுக்கு இன்னா அக்கறை? பேரு, வூட்டு நம்பரு, எத்தினி பேரு கீறீங்க, எல்லாம் கேக்குறாங்க பாரு. அன்னிக்கும் இப்டித்தான் கேட்டாங்க."

அன்றைக்கு என்றால் எது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன் இதேபோல் ஒரு கூட்டம் வந்தது. வாய் நிறைய அக்கா, அம்மா. எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு கதவோரம் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டார்கள். பிறகு லாரி வந்தது. தண்ணீரை ஒட்டியிருந்த வரிசை முழுவதையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் ஓர் அடுக்குமாடியில் இறக்கினார்கள். நாத்தனாரின் வீடும் அதில் போனது. மந்தைவெளியில் வீட்டுவேலைக்கு வர அங்கிருந்து பஸ் மாறி மாறி நின்று, முடியாமல், திரும்பி வந்து எங்கள் தெருவிலேயே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். சூடு கண்டவர் அவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பரிசோதனையும் வேண்டியிருந்தது. போன வருடம் எதிர்வீட்டுக்காரி அந்த நோயில்தான் போய்ச் சேர்ந்தாள். தெரிய வந்தபோதே முற்றிவிட்டிருந்தது. அவள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள்.

நாத்தனாரே வழி கண்டுபிடித்தார். "டெஸ்ட்டுக்குப் போவோம். பேர மட்டும் நம்ம அம்மன் பேரா சொல்லு. அட்ரஸ் கேட்டா கோவிலச் சொல்லு. அத எவன் வந்து இடிக்கிறான், பாப்போம்."

ஆறு பேர் அப்படியே செய்தோம். அம்மன் பெயர், கோவில் விலாசம், வயது நாற்பது. ரவிக்கைக்குள் போனை வைத்துக்கொண்டு, போன் இல்லை என்றோம். அந்தப் பெயர் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒன்று இருக்கும் என்பதால் மேசையில் இருந்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் எல்லாம் எங்களிடம்தான் இருந்தது.

இங்கே பெண்கள் ஏன் பரிசோதனைக்கு வரத் தயங்குகிறார்கள் என்று வெள்ளைக்கார அம்மா மொழிபெயர்க்க ஆள் வைத்துக் கேட்டார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு, "கூச்சம்ங்க" என்றார். அந்த அம்மா பரிவாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார். வெளியே வந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்கள் கூச்சத்தைப் போக்க எந்தெந்த நாட்டில் இப்போது ஆராய்ச்சி நடக்கிறதோ, தெரியாது.

சில வாரம் கழித்து நர்ஸ் மட்டும் தனியாக வந்தார். இந்த முறை சிரிப்பு இல்லை. விலாசத்தைத் தேடிக் கோவிலுக்கே வந்து, முகம் அடையாளம் பார்த்து எங்களை வாசலில் கூட்டி வைத்துச் சொன்னார்.

"இந்தப் பேர்ல ஒருத்தருக்கு அந்த நோயைக் கொண்டுவர்ற கிருமி இருக்கு. இன்னும் புற்றுநோய்னு சொல்ல முடியாது. இப்பவே பார்த்தா தடுத்துடலாம். ஆனா ஆறு பேருக்கும் ஒரே பேரு, ஒரே வயசு. யாரும்மா அது?"

இதுவும் ஆள் பிடிக்கிற தந்திரமோ என்றுதான் அப்போதும் என் புத்தி போனது.

"அந்தப் பேர்ல எங்க கூட்டத்துல ஆளே இல்ல மேடம். அம்மன்தான் கீது" என்றார் நாத்தனார்.

நர்ஸ் சன்னதியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். புரிந்துவிட்டது. "அப்ப அம்மனுக்குத்தான் வைத்தியம் பார்க்கணும்" என்றவர், கிளம்பும்போது திரும்பினார். "இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து டெஸ்ட் எடுத்துக்குங்க. வீட்டு நம்பர் கேட்க மாட்டேன்."

பயந்துவிட்டேன். மற்ற நாலு பேரையும் பேசிப் பேசிக் கரைத்து ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். நாத்தனார் மட்டும் அசையவில்லை. "உங்க அஞ்சு பேர்ல ஒருத்திக்கித்தான் இருக்கும். எனக்கு ஒண்ணும் இல்ல. நீ போய் என் வூட்டையும் சேத்துக் காட்டிக் குடுத்துட்டு வராத" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போனேன்.

இந்த முறை என் போன் நம்பரைக் கொடுத்திருந்தேன். முடிவு வந்ததும் நர்ஸ் எனக்குப் போன் செய்தார். ஐந்து பேருக்கும் ஒன்றுமில்லை. கடை என்றும் பாராமல் "அப்பாடா!" என்று கத்திவிட்டேன். எதிரில் பட்டுச்சேலை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த மூச்சில்தான் உறைத்தது. மீதி இருப்பது ஒருவர்தான்.

சாயங்காலம் ஐந்து பேரும் போனோம். நாத்தனார் வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னா, கூட்டமா வந்துகினு கீறீங்க?"

"எங்க அஞ்சு பேருக்கும் ஒண்ணும் இல்லியாம்க்கா" என்றேன்.

"நல்லதுதான" என்றார். அடுத்த மீனை எடுத்த கை அப்படியே நின்றது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என் பேர சொல்ட்டியா?"

"இல்லக்கா."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பெயர் கேட்டாள். நாத்தனார் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மேலே இருந்த கேமராவையும் விடவில்லை. பிறகு தன் சொந்தப் பெயரைச் சொன்னார். அந்தப் பெண் கேட்காமலேயே தெருவையும் கதவு எண்ணையும் சொன்னார்.

"நல்லா எய்திக்கமா. அப்பால கோவிலாண்ட வந்து தேடிக்கினு நிக்காதீங்க. நேரா என் வூட்டுக்கே வாங்க."